ஸ்பீட்ஸ்டர் நகலுக்குத் துணிக்கூரை: ஆயத்தமாக வாங்கலாமா, தைக்கக் கொடுக்கலாமா?

கேள்வி: ஏப்ரல் 2, 2023

போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் என்ற பழைய திறந்த காரின் ஃபைபர் கிளாஸ் நகல் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தின் மேல் கட்டியது. கூரைத் துணி கிழிந்து தொங்குகிறது. ஆயத்தமாகத் தைத்த வினைல் கூரை ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. பொருந்தும் என்கிறார்கள். வாங்கி ஒரு வார இறுதியில் நானே மாட்டிவிடலாம்தானே?

ஏப்ரல் 2, 2023

மாட்டலாம். பொருந்தாது.

ஏப்ரல் 3, 2023

நேற்று எழுதியது திமிராகத் தெரிந்ததாம். சரி, விளக்குகிறேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறேன். இதே வகை நகல் பதினோரு வருடமாக என்னிடம் இருக்கிறது. இதுவரை இரண்டு கூரை பார்த்துவிட்டது. முதலாவது காரோடு வந்தது. இரண்டாவது, நீங்கள் வாங்க நினைக்கிற அதே ஆயத்த ரகம். அதுவும் இப்போது முடிந்துவிட்டது. மூன்றாவதுக்குத் துணி தேடிக்கொண்டிருக்கிறேன். ஆகவே உங்கள் கேள்வி எனக்கும் உரியதுதான்.

பீட்டிலின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2400 மில்லிமீட்டர். 356க்கு 2100. எனவே நகல் கட்டுகிறவர்கள் பீட்டிலின் அடித்தளத்தில் ஏறத்தாழ ஓர் அடியை வெட்டி எடுத்து, மறுபடி பற்றவைத்து, அதன் மேல் ஃபைபர் கிளாஸ் உடலை இறக்குகிறார்கள். அடித்தளத்தை வெட்டிய கை ஒன்று, உடலை வார்த்த கை இன்னொன்று, முன்கண்ணாடியை நிறுத்திய கை மூன்றாவது. என் காரில் முன்கண்ணாடிச் சட்டத்தின் இடது மூலையிலிருந்து, கூரையை உடலோடு பிடிக்கும் பின்பக்கக் கடைசிப் பொத்தான் வரை உள்ள தூரம், வலது பக்கத்தைவிட 14 மில்லிமீட்டர் அதிகம். ஒரு காரின் இரண்டு பக்கமே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இதில் ஊரில் உள்ள எல்லா நகலுக்கும் பொருந்தும் கூரையை எங்கே போய்த் தைப்பது?

அந்த ஆயத்தக் கூரை வந்த அன்று முன்பக்கம் அழகாக உட்கார்ந்தது. பின்பக்கம் பொத்தானுக்கு இரண்டு விரற்கடை எட்டவில்லை. நான் இழுத்தேன். மனைவி இழுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலி தாண்டி வந்து இழுத்தார். கடைசியில் பொத்தான்களைக் கழற்றி இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி வைத்தேன். பழைய துளைகள் இன்னும் பின் உடலில் அம்மைத் தழும்பு போல இருக்கின்றன.

ஏப்ரல் 9, 2023

எதை வைத்து அளப்பது என்று கேட்டிருக்கிறார்கள். என் ஆலோசனை: பழைய கூரையைத் தூக்கி எறியாதீர்கள். தையற்கடைக்குப் போகும்போது அளவு ரவிக்கை ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நம் வீடுகளில் வழக்கம். அதைப் பிரிக்காமலே மேசையில் விரித்து, அதன் அளவுக்குப் புதுத் துணியை வெட்டுவார்கள். கூரைக்கும் அதே வழிதான், இதை மட்டும் பிரிக்க வேண்டும். தையலைப் பிரித்துவிட்டுத் துண்டுகளை மேசையில் விரித்தால் அதுவே வரைபடம்.

ஏப்ரல் 10, 2023

ஒரு எச்சரிக்கை. கூரையை பிரிட்டனில் ஹூட் என்பார்கள். அமெரிக்காவில் ஹூட் என்றால் நாம் பானட் என்று சொல்லும் முன்மூடி. அமெரிக்கத் தளம் ஒன்றில் மூன்று நாள் ஹூட் தேடி, எத்தனையோ விதமான பானட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு இது உறைத்தது. அங்கே சாஃப்ட் டாப் என்று தேடுங்கள்.

ஏப்ரல் 16, 2023

வினைலா, மோஹேரா?

முதலில், மோஹேரில் ஆடு இல்லை. மோஹேர் என்பது அங்கோரா ஆட்டின் மயிர். இன்று கார்க் கூரைக்கு அந்தப் பெயரில் விற்பது மூன்று அடுக்குத் துணி: மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், அடியில் பருத்தி அல்லது பாலியஸ்டர். தண்ணீரைத் தடுப்பது நடுவில் இருக்கும் ரப்பர்தான். நல்ல ரகங்களில் இழையை நூற்பதற்கு முன்பே சாயம் உள்ளே கலந்திருக்கும். அதனால் வெயிலில் நிறம் எளிதில் வெளுப்பதில்லை. ஜெர்மனியின் சோனன்லாண்ட், அமெரிக்காவின் ஸ்டேஃபாஸ்ட் என்று நீங்கள் கேள்விப்படுபவை இந்த வகை.

வினைல் மலிவு. துடைத்தால் அழுக்குப் போய்விடும். சூடாக்கினால் கொஞ்சம் நீளும், அதனால் முதன்முறை மாட்டுகிறவருக்கு அது இரக்கம் காட்டும். குளிரில் அட்டையாக விறைத்துக்கொள்ளும். பார்வைக்கு மழைக்கோட்டுப் போட்ட கார்.

என் தீர்ப்பு: எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒழுகுவது துணியின் நடுவில் அல்ல, ஓரங்களில்தான்.

மே 7, 2023

இரண்டு திருத்தங்கள். இரண்டும் எனக்கு அவமானம்.

பக்கத்து ஊரில் ஒரு முதியவர் கார் இருக்கைகளும் கூரைகளும் தைக்கிறார். இங்கே டிரிம்மர் என்பார்கள். நாற்பது வருட அனுபவம். அவரிடம் என் பழைய கூரையைப் பிரித்துத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போனேன், அளவு ரவிக்கை கதையையும் சொன்னேன். அவர் பின்துண்டை எடுத்து என் காரின் மேல் வைத்தார். ஓரத்துக்கும் பொத்தானுக்கும் நடுவே இடைவெளி. வினைல் வயதாக ஆகச் சுருங்கும். அதை மிருதுவாக வைத்திருக்கும் பொருள் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். சுருங்கியதை வைத்து வெட்டினால் சுருங்கிய கூரைதான் புதிதாகக் கிடைக்கும். 'பத்து வயதில் போட்ட சட்டையை அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்' என்றார். எனவே ஏப்ரல் 9இல் நான் எழுதியதைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கூரை வடிவத்தைச் சொல்லும். அளவைக் காரிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, எந்தத் துணியும் ஒன்றுதான் என்று எழுதியது. ஸ்பீட்ஸ்டரின் கூரை மிகவும் தட்டை. பின்பக்கம் இரண்டு திசையிலும் வளைகிறது. அந்த வளைவில் வினைலை இழுத்து மழுப்பிவிடலாம். மோஹேர் அந்த அளவுக்கு வளைந்துகொடுக்காது, தையலிலேயே வளைவைக் கொண்டுவர வேண்டும். தைப்பவர் கை சுமாராக இருந்தால் பின்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் சுருக்கம் விழும். ஆக, கை தெரிந்தவர் கிடைத்தால் மோஹேர். நீங்களே தைப்பதானால் வினைல்.

நான் மோஹேர் சொல்லிவிட்டேன். கறுப்பு.

ஜூன் 11, 2023

கேள்வி கேட்டவர் அந்த ஆயத்தக் கூரையையே வாங்கிவிட்டார். மாட்டியும் விட்டார். பொருந்திவிட்டது. ஒரே வார இறுதியில். படம் அனுப்பியிருக்கிறார்: ஒரு சுருக்கம் இல்லை.

விசாரித்ததில் அவருடைய காரின் உடலை வார்த்தவர்களே தங்கள் அச்சில் வந்த கார்களை வைத்து அளவெடுத்துத் தைத்த கூரையாம் அது. அவர் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஏப்ரல் 2ஆம் தேதி நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இல்லை, மூடியிருக்க மாட்டேன். ஆனாலும் திருத்தம்: உங்கள் கார் எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்று தெரிந்து, அதே அச்சுக்குத் தைத்ததென்றால் ஆயத்தமாகவே வாங்குங்கள். என் காரை வார்த்த பட்டறை எப்போதோ மூடிவிட்டது. கேட்க ஆள் இல்லை.

ஜூன் 25, 2023

கூரை என்றால் துணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கூரை அடியில் இருக்கிற சட்டம்.

என் காரில் மூன்று வளைகம்பிகள். அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது தடித்த நாடா, கட்டில் நாடா போலவே. எந்த வளைகம்பி எங்கே நிற்க வேண்டும் என்பதை நாடாதான் தீர்மானிக்கிறது. பழைய நாடா தொய்ந்துவிட்டால் நடுக்கம்பி பின்னால் சாயும், துணி நடுவில் குழியும், குழியில் மழைநீர் தேங்கும். அப்புறம் பிரேக் போட்ட நிமிடம் அது முழுவதும் முன்கண்ணாடி மேல் கொட்டும். இதைப் பதினோரு வருடம் காரின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிரிம்மர் முதலில் நாடாவை மாற்றினார். மாற்றியதும் நடுக்கம்பி இரண்டு அங்குலத்துக்கு மேல் முன்னே வந்து நின்றது. தலைக்கு மேல் இடமும் கூடியது. நாடாவை மாற்றாமல் யாராவது உங்கள் காரை அளவெடுத்தால் நாடாவைக் கையால் காட்டிக் கேளுங்கள்.

ஜூலை 2, 2023

கோப்ரா என்ற இன்னொரு திறந்த காரின் நகல் வைத்திருக்கும் ஒருவர், தன் கூரைக்கும் இதெல்லாம் பொருந்துமா என்று கேட்கிறார். உங்களுடையது கூரை அல்ல, கூடாரம். கம்பிகளைக் குழாயில் செருகி, துணியைப் போர்த்தி, சுற்றிலும் பொத்தான் போடுவது. போட்டு முடிப்பதற்குள் மழையே ஓய்ந்துவிடும். அளவு விஷயத்தில் மட்டும் எல்லாம் பொருந்தும்.

ஆகஸ்ட் 13, 2023

மாட்டியாகிவிட்டது. டிரிம்மருக்கு எடுபிடியாக நானும் கூட இருந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன்.

வெயில் நாள் பார்த்தோம். துணி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பதால் காலையிலேயே புல்வெளியில் விரித்தாயிற்று. சட்டத்தை நிமிர்த்தினோம். முன்பக்கம் இரண்டு கொக்கிகள் முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடிக்கின்றன. அவற்றை இருப்பதிலேயே தளர்ந்த நிலையில் மாட்டச் சொன்னார். பின்னாளில் துணி தளரும்போது இறுக்குவதற்கு இடம் வேண்டும். நான் என்றால் முதல் நாளே முழுக்க இறுக்கியிருப்பேன்.

சாக்குக்கட்டியால் மூன்று வளைகம்பிகளின் நடுவிலும், துணியின் நடுவிலும் கோடு. கோட்டோடு கோடு சேர்த்து, பின்பக்கம் நடுவில் இரண்டு ஸ்டேப்பிள் பின். முன்பக்கம் நடுவில் இரண்டு. பிறகு நடுவிலிருந்து இடது ஒன்று, வலது ஒன்று என்று ஓரத்தை நோக்கிப் போனார். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் துணி முறுக்கிக்கொள்ளும். பின் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. சாதா பின் இரண்டு மழையில் பழுப்புக் கண்ணீர் விடும் என்றார். ஸ்டேப்பிள் வரிசையின் மேல் ஒரு பட்டை: நடுவில் பிளந்து விரியும், அதற்குள் ஆணி அடித்ததும் வாய் மூடிக்கொள்ளும், ஆணி வெளியே தெரியாது. இந்தப் பட்டையை நான் நெடுநேரம் விரித்து மூடி விளையாடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறையாக முன்பக்கத்தைக் கழற்றி இழுத்தார். மூன்றாவது முறையும். மூன்றாவது முறைக்குப் பிறகு விரலால் சுண்டினார், பறை போலச் சத்தம். அதற்குப் பிறகுதான் பசை தொட்டார். பசை தொட்டபின் திருத்த முடியாது என்பதால் அதுவரை எல்லாமே ஒத்திகை.

அடுத்தது பக்கவாட்டுப் பொத்தான்கள். காரில் இருக்கும் ஆண் பொத்தானுக்கு நேரே துணியில் எங்கே துளை போடுவது? பொத்தான் தலையில் உதட்டுச்சாயம் தடவி, துணியை இழுத்து அதன் மேல் அழுத்தினால் அடிப்பக்கம் சிவப்புப் புள்ளி விழும். அங்கே துளை. டிரிம்மர் தன் கருவிப்பெட்டியிலேயே ஒரு உதட்டுச்சாயம் வைத்திருக்கிறார். வீட்டில் குங்குமம் இருக்கிறது, அது போதாதா என்று கேட்டேன். அது பொடி, கொட்டும், கறுப்புத் துணியானாலும் உட்பக்கம் சாம்பல் நிறம், கறை போகாது என்று வீட்டிலேயே பதில் வந்தது.

ஃபைபர் கிளாஸில் புதுத் துளை போடுவதாக இருந்தால்: மாஸ்கிங் டேப் ஒட்டி, ட்ரில்லை முதலில் தலைகீழ்ச் சுற்றில் ஓடவிட்டு மேலே இருக்கும் ஜெல்கோட் என்ற பளபளப்புப் பூச்சைத் தேய்த்துத் தாண்டுங்கள். பிறகு நேர்ச் சுற்று. துளையின் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். இல்லாவிட்டால் திருகாணியை இறுக்கும்போது துளையைச் சுற்றிச் சிலந்தி வலை போல வெடிப்பு ஓடும். என் காரில் நான் முன்பு போட்ட துளைகளில் ஐந்து சிலந்திகள்.

காலை எட்டுக்கு ஆரம்பித்தது. முடிந்தபோது இரவு ஒன்பதரை, வெளிச்சம் போய்விட்டிருந்தது.

ஆகஸ்ட் 20, 2023

புதுப் பொத்தான்கள் லிஃப்ட் தி டாட் வகை. மூன்று பக்கம் பூட்டிக்கொள்ளும், ஒரு பக்கம் மட்டும் திறக்கும். திறக்கிற பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும், அங்கே பிடித்துத் தூக்க வேண்டும். பெயரே செய்முறை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த நான் மறுபக்கம் பிடித்து இழுத்து, ஒரே வாரத்தில் ஒரு பொத்தானைத் துணியோடு பிய்த்துவிட்டேன்.

அக்டோபர் 22, 2023

நேற்று நல்ல மழை. துணி வழியாக ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் இடது முழங்காலில் சொட்டுகிறது. நிமிடத்துக்கு ஆறேழு. பிறந்த வீட்டில் ஓடு ஒழுகும்போது அம்மா செம்பும் குண்டானும் வைப்பாள். காரில் கால்தான் இருக்கிறது.

தையலில் கசிகிறது என்பது என் சந்தேகம். பருத்தி நூலானால் நனைந்ததும் உப்பி ஊசித்துளையை அடைக்கும், ஆனால் நாளடைவில் மக்கிவிடும். டிரிம்மர் போட்டது பாலியஸ்டர். மக்காது, உப்பவும் செய்யாது. தேன்மெழுகை எடுத்துத் தையல் முழுவதும் தேய்த்தேன். சொட்டு நிற்கவில்லை. டிரிம்மருக்கு ஒரு கடுமையான கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை.

நவம்பர் 5, 2023

ஒழுகாத கூரை வேண்டுமென்றால் ஏன் ஸ்பீட்ஸ்டர் என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான்.

மூலக் காரின் கதையே அதுதான். நியூயார்க்கில் போர்ஷே இறக்குமதி செய்த மாக்ஸ் ஹோஃப்மன், அமெரிக்கச் சந்தைக்கு மலிவான, எல்லாவற்றையும் உரித்த ஒரு திறந்த கார் வேண்டும் என்று நச்சரித்தார். 1954இல் வந்தது ஸ்பீட்ஸ்டர், விலை 3000 டாலருக்குச் சற்றுக் கீழே. விலையைக் குறைக்கக் கதவுக் கண்ணாடியே இல்லை, பக்கத்தில் செருகும் திரைதான். தாழ்ந்த, கழற்றக்கூடிய முன்கண்ணாடி. கூரை ஒரு பெயருக்கு. கலிஃபோர்னிய வெயிலுக்கு அது போதும். அந்தக் கூரையைக் கொண்டுவந்து இங்கிலாந்தின் நவம்பரில் நிறுத்திவிட்டு நான் சட்டம் பேசுகிறேன்.

போர்ஷேயே நான்கு வருடத்தில் இறங்கி வந்தது. 1958இல் வந்த கன்வெர்ட்டிபிள் டி உயரமான முன்கண்ணாடியும், சுற்றி இறக்கும் கதவுக் கண்ணாடியும் கொண்டது. டி என்பது அதன் உடலைக் கட்டிய, ஹைல்ப்ரான் நகரத்து ட்ராவுஸ் நிறுவனத்தின் முதல் எழுத்து. நகல்களிலும் உயர்ந்த கண்ணாடி, கதவுக் கண்ணாடி வைத்தவை கிடைக்கின்றன. மழை ஊரில் தினமும் ஓட்டப்போகிறவர் அதை வாங்குவதுதான் புத்தி. எனக்குத் தாழ்ந்த கண்ணாடியின் அழகுதான் பிடித்தது. ஐந்தடி ஆறு அங்குலம் என்பதால் தப்பித்தேன். ஆறடி நண்பர் ஒருவர் ஏறினால் கூரையில் அவர் தலை வெளியிலிருந்தே தெரியும்.

ஜனவரி 14, 2024

குளிரில் கூரையை மடிக்காதீர்கள். பின்கண்ணாடி என்பது கண்ணாடியல்ல, தெளிந்த பிளாஸ்டிக் தாள். விறைத்திருக்கும்போது மடித்தால் மடிப்பில் கீறும். ஈரமாக மடித்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் மடிக்கும்போது தாள் தாளோடு உரசாமல் நடுவே பழைய வேட்டி ஒன்றை வைக்கிறேன். பல முறை துவைத்த வேட்டியைவிட மிருதுவான துணி இந்த நாட்டில் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் போட வேண்டாம், மங்கிவிடும். தண்ணீர் போதும்.

பிப்ரவரி 18, 2024

முழங்கால் சொட்டு பிடிபட்டது.

முன்கண்ணாடிச் சட்டம், கூரை ஓரம், உட்பக்கம் எங்கும் முகப்பவுடரைத் தூவிவிட்டு, வெளியே மனைவியைக் குழாயோடு நிறுத்தினேன். நான் உள்ளே டார்ச்சோடு. கூரையில் அடித்தாள், ஒன்றும் இல்லை. முன் ஓரத்தில் அடித்தாள், ஒன்றும் இல்லை. கீழே, முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுக்கால் உடலோடு சேரும் இடத்தில் அடித்ததும் பவுடரில் ஒரு கோடு நெளிந்து இறங்கியது. டாஷ்போர்டுக்கு அடியில் போய், வயர் கட்டின் மேல் ஏறி, சரியாக என் முழங்காலுக்கு மேலே வந்து நின்றது. திருகாணிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வட்டு இல்லவே இல்லை. காரை வாங்கியபோதிருந்தே இல்லையாக இருக்கும். பழைய கூரைகள் எல்லாப் பக்கமும் ஒழுகியதால் இந்த ஒரு சொட்டு தனியாகத் தெரியவில்லை.

டிரிம்மருக்கு எழுதிய கடிதத்தை அழித்துவிட்டேன். அவர் நூல், அவர் தையல் எல்லாம் சரி. தேய்த்த மெழுகுதான் இப்போது தூசு பிடித்துத் தையல் நெடுக வெள்ளைக் கோடாக நிற்கிறது. மென்மையான தூரிகையால் மூன்று நாளாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 25, 2024

கேள்வி கேட்டவருக்கு: பக்கத்திரைகளை இருக்கைக்குப் பின்னால் அப்படியே போடுவதாக எழுதியிருந்தீர்கள். கீறிவிடும். நடுவில் தடுப்பு வைத்து ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கறுப்பு மோஹேர் ஒன்றரை மீட்டர் மீந்திருக்கிறது, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பினால் அனுப்பிவைக்கிறேன். அளவு மட்டும் நீங்களே எடுங்கள்.